நாலு பல் வித்தியாசம்

யாரு தம்பி உங்களுக்குச் சொன்னது, போடியில செல்லப்பாண்டிதான் நேர்மையான மெக்கானிக்குன்னு? ஜீப் ஸ்டாண்டுல சொன்னாங்களா? சொல்லுவாங்க. ஆறு மாசமா அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. உக்காருங்க. அந்தப் பலகையில உக்காருங்க, ஸ்டூல்ல கிரீஸ் இருக்கு.

உங்க வண்டிக்குப் பின் ஆக்சில் மாத்தணும். கோயம்புத்தூர்ல இருந்து ஆக்சிலையும் வண்டிக்குள்ளயே போட்டுக் கொண்டு வந்துட்டீங்க. பாத்தேன், நல்ல ஆக்சில்தான். மாத்தித் தாறேன். ஆனா இன்னிக்கு முடியாது, நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும். முதல்ல முன்னாடி இருக்கிறதையும் இதையும் திறந்து பல்லை எண்ணணும். எண்ணாம நான் இப்ப ஒரு போல்ட்டுகூட முறுக்குறதில்ல.

எந்தப் பல்லுன்னு கேக்குறீங்களா? ஆக்சில் நடுவுல உருண்டையா ஒரு வயிறு இருக்குல்ல, அதுக்குள்ள ஒரு பெரிய பல் சக்கரம் இருக்கு. கிரவுனுன்னு சொல்லுவோம். முன்னாடி ஆக்சில்ல ஒண்ணு, பின்னாடி ஆக்சில்ல ஒண்ணு. ரெண்டுலயும் பல்லு ஒரே கணக்கா இருக்கணும். சாதா ரோட்டுல பின் சக்கரம் மட்டும்தானே இழுக்குது, அப்ப ஒண்ணும் தெரியாது. மேட்டுல, சேத்துல நாலு வீல் போடுவீங்க பாருங்க, அப்ப முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணாச் சேந்து சுத்தணும். கணக்கு மாறியிருந்தா ஒண்ணு ஓட நினைக்கும், ஒண்ணு பிடிச்சு இழுக்கும். நடுவுல இருக்கிறது உடையும். அம்புட்டுதான் விசயம். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

ஒரு பொம்பளைக்குப் புரிஞ்சுச்சு. முப்பது வருசம் ஆக்சில் கழட்டுன எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. அதைத்தான் நான் கேக்கல.

மொக்கச்சாமின்னு ஒரு டிரைவர். சொந்த ஜீப்பு, பழைய வண்டி. காலையில ஆறு மணிக்கு ஸ்டாண்டுல இருந்து பொம்பளைகளை ஏத்திக்கிட்டு மலைக்குப் போவான். ஏலத்தோட்டத்துல காய் எடுக்க. சாயங்காலம் இறக்கி விடுவான். பதினாலு வருசத்துல ஒரு கோழியை அடிச்சதில்ல. என்னை அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிடுவான். வேற பட்டறையில ஒரு ஸ்குரூகூட மாட்ட மாட்டான். அவன் பொண்டாட்டி ஜெயக்கொடி. கல்யாணத்துக்கு முன்னாடி எட்டு வருசம் நூல் மில்லுல வேலை பாத்த பொண்ணு.

போன வருசம் சித்திரையில அவன் வண்டிக்குப் பின் ஆக்சில் குழாய்ல விரிசல் விட்டுருச்சு. வெல்டு வச்சா நிக்காது, மாத்தித்தான் ஆகணும்னு சொன்னேன். நானே மதுரைக்குப் போயி, பழைய சாமான் விக்கிற சந்துல அரை நாள் அலைஞ்சு ஒரு ஆக்சில் எடுத்துட்டு வந்தேன். வெளியில பாத்தா அச்சு அசல் அதேதான். ஓட்டை ஓட்டைக்குச் சரியா உக்காருது, ஸ்பிரிங் பட்டைக்கு அளவு சரியா இருக்கு. உள்ள திறந்து பாக்கல. பாத்திருக்கணும். அன்னிக்கு வெயிலு, தம்பி, அந்தச் சந்துல நிக்க முடியல. கடைக்காரன் வேற பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தான். சரி, அதெல்லாம் சாக்குதான்.

வண்டி இந்தா, இப்ப உங்க வண்டி நிக்கிற இடத்துலதான் நின்னுச்சு. நாலு சக்கரமும் தரையில படாம ஸ்டாண்டு குடுத்துத் தூக்கி வச்சிருந்தேன். நானும் மொக்கச்சாமியும் பழசை இறக்கிட்டு, புதுசை ஏத்தி, பட்டையில உக்கார வச்சு யூ போல்ட்டைக் கையால மாட்டியாச்சு. முறுக்கல. ஜெயக்கொடி சோறு கொண்டு வந்துச்சு. தூக்கை வச்சிட்டுச் சும்மா இருக்காம, குனிஞ்சு அடியில பாத்துச்சு.

"அண்ணே, பல்லு எண்ணிட்டீகளா?"

"என்ன பல்லும்மா?"

"உள்ள பல் சக்கரம் இருக்குமில்ல. மில்லுல நூல் நம்பர் மாத்துறப்ப ஒரு வீலை மாத்துவாங்க. ஒரு பல்லு கூடக் குறைய இருந்தாலும் நூல் அத்துக்கிட்டே இருக்கும். மில்லு ஃபிட்டரு ரெண்டு தடவை எண்ணுவாரு. இதுக்கும் முன்னாடி பின்னாடி ஒண்ணா இருக்க வேணாமா?"

நல்ல கேள்வி. இப்பச் சொல்றேன் நல்ல கேள்வின்னு. அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, பட்டறை வாசல்ல ரெண்டு டிரைவருக டீ குடிச்சுக்கிட்டு நின்னானுக. அதுல ஒருத்தன் சிரிச்சான். "செல்லப்பாண்டியண்ணே, உங்க பட்டறைக்கு இஞ்சினியரம்மா வந்துட்டாங்க போல."

எனக்குச் சுருக்குன்னுச்சு. மொக்கச்சாமிக்கும்தான். "ஏய், சும்மா கெட. அண்ணனுக்குத் தெரியாததா?"ன்னான்.

அந்தப் பொண்ணு சும்மா கெடக்கல. தரையில கெடந்த சாக்பீஸை எடுத்துச்சு. பின் டயர்ல ஒரு கோடு, எஞ்சின்ல இருந்து சுத்திக்கிட்டு வாற ஷாஃப்டு மாட்டுற இடத்துல ஒரு கோடு. கையால திருகிக்கிட்டே எண்ணுச்சு. டயரு ஒரு சுத்து வாறதுக்கு ஷாஃப்டு இடம் அஞ்சு சுத்து முழுசா ஆகல. அப்புறம் முன்னாடி போயி அதே மாதிரி. அங்க அஞ்சு சுத்து ஆகி, மேல கால் சுத்துக்கும் கூடப் போச்சு. எந்திரிச்சு, சேலையில கையைத் துடைச்சுக்கிட்டு என்னைப் பாத்துச்சு.

"ஒண்ணா இல்லண்ணே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கையால சுத்துனா அப்படித்தாம்மா தெரியும். இதென்ன நூல் மிசினா? முப்பது வருசமா ஆக்சில் கழட்டுறேன், எனக்குச் சோத்தைப் போட்டுட்டுப் போ"ன்னேன். அந்த ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சானுக. மொக்கச்சாமியும் சிரிச்சான், பொண்டாட்டியை விட்டுக் குடுத்துட்டு, எனக்காக.

அது தூக்கை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

இனிமே சொல்றதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, தம்பி. எம் பொண்டாட்டிக்கும் தெரியாது.

மொக்கச்சாமி பெயிண்டு வாங்க ஒரு எட்டு பஜாருக்குப் போனான். வாசல்ல இருந்தவனுகளும் போயிட்டானுக. நான் மட்டும். அந்தப் பொண்ணு சொன்னது உள்ள குடையுது. ஆக்சில் வயித்து மூடியைக் கழட்டி எண்ணுனேன். முப்பத்தொம்பது பல்லு. முன் கிரவுனுல நாப்பத்தி மூணு. அது எனக்கு மனப்பாடம், ரெண்டு வருசத்துக்கு முந்தி நானே பிரிச்சு மாட்டுனது. நாலு பல் வித்தியாசம்.

ரெண்டாம் தடவையும் எண்ணுனேன். முப்பத்தொம்பதுதான்.

அப்பவே ஆக்சிலை இறக்கிருக்கணும். "ஆத்தா, நீ சொன்னதுதான் சரி"ன்னு ஒரு வார்த்தை. என்ன குறைஞ்சு போயிரும்? ஒரு நாள் சிரிப்பாங்க. ரெண்டு நாள் சிரிப்பாங்க. ஆனா எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் காதுல கேட்டுச்சு. மூடியைப் போட்டு மூடிட்டேன். வேற ஆக்சில் ஒண்ணு பத்து நாள்ல தேடிப் பிடிச்சு, ஏதாச்சும் காரணம் சொல்லி வண்டியை வரச் சொல்லி, கமுக்கமா மாத்தி விட்டுருவோம்னு நினைச்சேன். நிசமா நினைச்சேன். கெடுதல் பண்ணணும்னு நினைக்கல.

மொக்கச்சாமி வந்ததும் சொன்னேன். "தம்பி, ஆக்சில் கொஞ்சம் செட் ஆகணும். கொஞ்ச நாளைக்கு நாலு வீல் போடாதே."

சொன்னேன் தம்பி. சொல்லாம இல்ல.

"சரிண்ணே"ன்னு ஓட்டிக்கிட்டுப் போனான்.

பத்து நாள் இருபதாச்சு. வைகாசியில பட்டறையில வேலை குமிஞ்சு போச்சு. நடுவுல ஒருக்கா வந்தான். "ரோட்டுல வண்டி பஞ்சா ஓடுதுண்ணே. ஆனா ஏத்தத்துல முன்ன மாதிரி இழுவை இல்ல, லேசா மூச்சு வாங்குது"ன்னான். அது ஏன்னு எனக்குத் தெரியும். பல்லு குறைஞ்சா வேகம் கூடும், இழுவை குறையும். "செட் ஆயிரும், செட் ஆயிரும்"னு அனுப்பி விட்டேன். நாலு வீல் போடலாமான்னு கேட்டான். நான் அப்பக் கார்புரேட்டர்ல கையை விட்டுக்கிட்டு இருந்தேன். என்ன சொன்னேன்னு சரியா ஞாபகம் இல்ல. பாத்துப் போடுன்னு சொன்னேனோ என்னமோ. இல்ல, ஒண்ணும் சொல்லாமயும் இருந்திருக்கலாம்.

ஆனியில மழை பிடிச்சிருச்சு. ஒரு நாள் காலையில எட்டு மணிக்கு போன். மொக்கச்சாமி வண்டி தோட்டத்துக்குள்ள சரிஞ்சிருச்சுன்னு.

தோட்டத்துக்குள்ள ஒரு ஏத்தம் இருக்கு. கீழ இருந்து பாதி வரைக்கும் சேறு, அப்புறம் சக்கரம் ஏற ரெண்டு கோடா சிமெண்டு போட்டிருப்பாங்க. சேத்துல வண்டி இழுக்கல. பதினோரு பொம்பளைக உள்ள. நாலு வீல் போட்டிருக்கான். சேத்துல ஒண்ணும் ஆகல, சக்கரம் வழுக்கிக் குடுத்திருக்கு. சிமெண்டுல ஏறுனதும் நாலு சக்கரமும் கெட்டியாப் பிடிச்சிருச்சு. நடுவுல முறுக்கிக்கிட்டு நின்ன கியர் பெட்டி மடார்னு வெடிச்சிருச்சு. ஷாஃப்டு தனியா, வண்டி தனியா. இந்த மாதிரிப் பழைய வண்டியில ஹேண்ட்பிரேக்கும் அந்த ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்டு இல்லேன்னா ஹேண்ட்பிரேக்கும் இல்ல. கால் பிரேக்கை அவன் மிதிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கான். ஈரத்துல முப்பது அடி பின்னாடி வழுக்கிப் போயி, ஒரு சவுக்கு மரத்துல முட்டிச் சாஞ்சிருச்சு. மரம் மட்டும் இல்லேன்னா பள்ளம்.

பத்துப் பேருக்குச் சிராய்ப்பு. ஒச்சம்மா அக்கான்னு ஒருத்தங்க, அம்பது வயசு இருக்கும், வண்டிக் கடைசியில உக்காந்திருந்தாங்க. விழுந்திராம இருக்கப் பின் கதவைப் பிடிச்சிருக்காங்க. மரத்துக்கும் கதவுக்கும் நடுவுல வலது கை. மூணு விரல் போச்சு. காய் எடுக்கிற கை.

நான் போறப்ப அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. மத்தவங்க மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. மொக்கச்சாமி மரத்தடியில குத்த வச்சு உக்காந்திருக்கான். நான் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தேன். ஒரு பார்வைதான். என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

தோட்டத்து மேஸ்திரி கேட்டாரு, "ஏன்யா இப்படி ஆச்சு?"

பதினொண்ணோ பன்னெண்டோ பேரு என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

"நாலு வீல் போட்டானா?"ன்னு கேட்டேன். "நான் போடாதேன்னு சொல்லியிருந்தேனே."

எல்லாரும் அவனைத் திரும்பிப் பாத்தாங்க. அவன் தலையை ஆட்டுனான். "ஆமா, அண்ணன் சொன்னாரு. நான்தான் போட்டுட்டேன்"ன்னான்.

அம்புட்டுதான் தம்பி. ஒரு ஆளு கெட்டுப் போறதுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமா இருந்துச்சு. அவசரக்காரன், மெக்கானிக் பேச்சைக் கேக்காதவன், பதினோரு உசுரோட விளையாடுனவன். ஸ்டாண்டுல அதான் பேச்சு. பொம்பளைக அவன் வண்டியில ஏறல. நான் வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்து, இந்தத் தடவை நாப்பத்தி மூணு பல்லு ஆக்சில் தேடி எடுத்துட்டு வந்து, கூலி வாங்காம மாட்டிக் குடுத்தேன். ஊரே மெச்சுச்சு. தப்பு அவன் மேல இருந்தும் செல்லப்பாண்டி கைவிடல பாருன்னாங்க. அந்த முப்பத்தொம்பது பல்லை மறுநாளே கேஸ் வச்சு அறுத்து இரும்புக் கடையில போட்டுட்டேன்.

ஜெயக்கொடி வண்டி ரெடியான்னு பாக்க வந்துச்சு. அது மட்டும்தான் வந்துச்சு. எங்கிட்ட ஒண்ணும் கேக்காம, சாக்பீஸை எடுத்து முன்னாடியும் பின்னாடியும் கோடு போட்டுச் சுத்தி எண்ணுச்சு. நான் ஸ்பானரைத் துடைச்சுக்கிட்டே இருந்தேன். துடைச்ச ஸ்பானரையே திரும்பத் துடைச்சேன்.

"இப்பச் சரியா இருக்குண்ணே"ன்னுச்சு. அப்புறம், "பழசு எங்கண்ணே?"

"அறுத்துப் போட்டாச்சும்மா. உடைஞ்சதை வச்சு என்ன பண்ண?"

"ஆக்சில் உடையலையேண்ணே. பெட்டிதானே உடைஞ்சுச்சு."

நான் மறுபடியும் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பிச்சேன்.

அது வீட்டுல போயிச் சொல்லியிருக்கு. அண்ணன் போட்ட ஆக்சில்லதான் தப்புன்னு. மொக்கச்சாமி கையை ஓங்கிட்டானாம். நம்ம தப்பை மறைக்க, காசு வாங்காம வேலை பாத்த மனுசன் மேல பழி போடுறியான்னு. ஒரு வாரம் பொண்டாட்டிகூடப் பேசலையாம். இது எனக்கு எப்படித் தெரியும்னா, அவனே வந்து சொன்னான். "அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேண்ணே. உங்க பேச்சையும் கேக்காமப் போயிட்டேன்"னு சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான். நான் அவன் கையைப் பிடிச்சு இறக்கி விட்டேன். "விடு, நடந்தது நடந்து போச்சு"ன்னேன். இந்த வாயிதான் சொன்னுச்சு.

அதுக்கப்புறம் அவன் ஸ்டியரிங்கைத் தொடல. ஏலக்காய்க் குடோன்ல மூட்டை தூக்கப் போனான். ஞாயித்துக்கிழமை தவறாம ஒச்சம்மா அக்கா வீட்டுக்குப் போயி, தண்ணி எடுத்து ஊத்தி, விறகு பிளந்து குடுத்துட்டு வருவான். அந்தக்கா வேண்டாம்னாலும் கேக்க மாட்டான். ஜெயக்கொடி என்ன பண்ணுச்சு தெரியுமா? லைசென்ஸ் எடுத்துச்சு. ஐப்பசியில இருந்து அதுதான் வண்டியை ஓட்டுச்சு. முதல்ல நாலு பொம்பளைக ஏறுனாங்க, அப்புறம் வண்டி நிறைஞ்சிருச்சு. தினமும் ஆறேகாலுக்கு இந்தப் பட்டறையைத் தாண்டித்தான் போகும். திரும்பிப் பாக்காது. சர்வீசுக்கும் வரல. அதுவே ஆயில் மாத்திக்கிருது, அதுவே கிரீஸ் அடிச்சுக்கிருது.

தை மாசம் ஒரு மத்தியானம் மொக்கச்சாமி வந்தான். மூட்டை தூக்கித் தோள்பட்டையெல்லாம் காய்ச்சுப் போயிருந்துச்சு. சட்டைப் பையில இருந்து அவன் லைசென்ஸை எடுத்து என் மேசையில வச்சான்.

"இதை நீங்களே வச்சிருங்கண்ணே. என் கையில இருந்தா, என்னைக்காச்சும் ஆசை வந்து வண்டியைத் தொட்டுருவேன். உங்க கையில இருந்தா நல்லது."

வச்சிட்டுப் போயிட்டான். அதுல இருக்கிற போட்டோவுல சின்னப் பையன் மாதிரி இருக்கான். மீசைகூடச் சரியா முளைக்கல.

மூணு நாளு சோறு இறங்கல. நாலாம் நாளு அவன் வீட்டுக்குப் போனேன். ரெண்டு பேரும் இருந்தாங்க. உக்காரச் சொன்னான், நான் நின்னுக்கிட்டே சொன்னேன்.

"தம்பி, தப்பு உன் மேல இல்ல. ஆக்சில்ல பல்லு கணக்கு மாறியிருந்துச்சு. உன் பொண்டாட்டி சொன்னதுதான் சரி. நாலு வீல் போட்டா உடையத்தான் செய்யும். யார் ஓட்டுனாலும் உடையும். நான் எண்ணாம மாட்டிட்டேன்."

எண்ணாமன்னு சொன்னேன். வாயில அப்படித்தான் வந்துச்சு. யோசிச்சு வச்சுக்கிட்டுப் போனது அது இல்ல.

அவன் அருவாளை எடுத்தாலும் வாங்கிக்கிருவோம்னுதான் போனேன். மொக்கச்சாமி பொண்டாட்டியைப் பாத்தான். அந்தப் பொண்ணு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிருச்சு. அப்புறம் எங்கிட்டச் சொன்னான்: "எங்கிட்டச் சொன்னாப் பத்தாதுண்ணே. ஸ்டாண்டுல சொல்லுங்க. பொம்பளைக எல்லாரும் நிக்கிறப்ப சொல்லுங்க. ஒச்சம்மா அக்காவை நான் கூட்டியாறேன்."

சொன்னேன் தம்பி. மறுநாளு காலையில ஆறு மணிக்கு, நாப்பது ஜீப்பும் நூத்துக்கணக்கான பொம்பளைகளும் நிக்கிற இடத்துல. அன்னிக்கு இங்க வாசல்ல நின்னு சிரிச்சவனுகளும் இருந்தானுக. "மொக்கச்சாமி மேல ஒரு குத்தமும் இல்ல. ஜெயக்கொடி அன்னிக்கே எண்ணிப் பாருன்னு சொன்னுச்சு. நான் கேக்கல. எண்ணாம மாட்டுன ஆக்சில்லதான் அந்தக்கா விரல் போச்சு"ன்னு சொல்லி, எல்லாரும் பாக்கத் தரையில விழுந்து கும்பிட்டேன்.

திட்டுவாங்கன்னு நினைச்சேன். யாரும் திட்டல. ஒச்சம்மா அக்கா வந்து, மிச்சமிருக்கிற ரெண்டு விரலால என் தோளைத் தொட்டு எழுப்பி விட்டாங்க. "போன விரலு வரப் போறதில்லய்யா. கவனக் குறைவு யாருக்கும் வரும். இம்புட்டுப் பேரு முன்னாடி ஒத்துக்கிட்டியே, அது எம்புட்டுப் பேருக்கு வரும்?"ன்னாங்க. பொம்பளைக கண்ணைத் துடைச்சாங்க. மொக்கச்சாமி என் கையில இருந்து லைசென்ஸை வாங்கிக்கிட்டு வண்டியில ஏறி உக்காந்தான். அழுதுக்கிட்டேதான் சாவியைப் போட்டான். மத்த பத்துப் பேரும் அன்னிக்கு அவன் வண்டியிலதான் ஏறுனாங்க.

அன்னியில இருந்து எனக்கு இந்தப் பேரு. குத்தத்தை ஒத்துக்கிட்ட மனுசன். முன்னைக்கு இப்ப வேலையும் கூட வருது. உங்களை அனுப்பி வச்சாங்க பாருங்க, அந்த மாதிரி.

வண்டி கிளம்புறதுக்கு முந்தி ஜெயக்கொடி மட்டும் எங்கிட்ட வந்துச்சு. யாருக்கும் கேக்காத மாதிரி மெதுவாத்தான் கேட்டுச்சு.

"நான் சொல்லிட்டுப் போனதுக்கு அப்புறமுமா நீங்க எண்ணிப் பாக்கல?"

ஒச்சம்மா அக்கா என் பக்கத்துலயே நிக்கிறாங்க. அவங்க கை இன்னும் என் தோள்லதான் இருக்கு.

"இல்லம்மா"ன்னேன்.

என் முகத்தையே பாத்துச்சு. "சரிண்ணே"ன்னுட்டுப் போயி, புருசன் பக்கத்துல ஏறி உக்காந்துக்கிருச்சு.

உங்ககிட்ட எதுக்கு இதைச் சொல்றேன்னு பாக்குறீங்களா? நீங்க நாளைக்கு ஆக்சிலை மாட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருவீங்க, தம்பி. அந்தப் பொண்ணு இப்பவும் புருசன் வண்டியில காலையில ஆறேகாலுக்கு இந்த வழியா வரும். இப்பத் திரும்பிப் பாக்குது, அன்னிக்கு ஸ்டாண்டுல கேட்டதையே மறுபடி கேக்குற மாதிரி.